கழுதைக்குப் பேசியவள்

சின்னவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். வருகிறவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பது, வட்டமாக வரும் கண்ணாடியைச் சட்டத்தின் வடிவத்துக்குத் தேய்ப்பது, சட்டத்தைச் சூடுகாட்டிக் காதுக்கு ஏற்றபடி வளைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. வயது முப்பத்துநான்கு, கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு வீடு என்றால் அண்ணன் வீடுதான். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் தனியாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கே. வீட்டில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் சின்னவன்தான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது வீட்டுக்குத் தெரியாது. 'மலைத்தபால்' படங்களுக்காக இணையத்தில் 'பழைய தபால்' என்று ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தான். நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். கடையில் அவன் சொல்வதை முதலாளிகூடக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அந்தப் பக்கத்தில் அவன் ஒரு வரி எழுதினால் ஆயிரம் பேர் ஆமாம் போட்டார்கள்.

மூடிக்கிடக்கும் எல்லையைத் தாண்டி மலைக்கு அந்தப்பக்கம் கடிதம் கொண்டுபோகும் தபால்காரி ஒருத்தியின் கதைதான் 'மலைத்தபால்'. அவளோடு மூட்டை என்று ஒரு கழுதை. முதல் பாகம் முழுக்க அது கத்தாது. கடைசியில் செத்துப்போனவர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்றுவிடும், எவ்வளவு இழுத்தும் நகராது, அவ்வளவுதான். அரங்கமே அழுதது.

முதல் பாகத்துக்கு அவனைக் கூட்டிப்போனது அண்ணி. அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. அண்ணி அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. படம் விட்டு வரும்போது வழியெல்லாம் மூட்டையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். வீடு வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஓர் அண்ணி கிடைத்திருந்தாள்.

இரண்டாம் பாகம் முதலுக்குச் சளைக்கவில்லை. மூன்றாவதில் தபால்காரிக்கு ஹெலிகாப்டர் கொடுத்தார்கள். சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். நான்காவது வருகிறது என்றதும் ஆறு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

வெளியான அன்றே காலைக்காட்சிக்கு அண்ணி மூன்று டிக்கெட் எடுத்திருந்தாள். அவளுக்கு, அவனுக்கு, ஒன்பது வயது மகள் குட்டிக்கு. அண்ணன் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர், வேலை இருந்தது. அண்ணி அன்று என்னவோ பரபரப்பாக இருந்தாள். இடம் தேடி உட்காருவதற்குள்ளேயே, "கடைசிப் பேரெல்லாம் போறவரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் கிளம்பணும், சரியா?" என்று இரண்டு தடவை சொன்னாள். அவனும் சரி சரி என்று தலையாட்டினான்.

படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் மூட்டை வாயைத் திறந்து பேசியது.

கீச்சென்று, மூக்கால், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒரு குரல். தபால்காரிக்கு வழி சொன்னது, நகைச்சுவை சொன்னது, நடுவில் பாட்டும் பாடியது. சின்னவன் முதலில் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். பின் வரிசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். படம் முடிந்து திரை இருண்டதும் அவன் எழுந்துவிட்டான்.

"பேர் போகட்டும்டா" என்றாள் அண்ணி.

"இதுக்கு மேல உக்காந்தா எனக்குத்தான் அண்ணி அசிங்கம்" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான். கொஞ்ச நேரம் கழித்து அவள் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெளியே மூவருக்கும் காபி வாங்கினாள். கோப்பையைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கழுதைக் குரல் அவ்வளவு மோசமா என்று கேட்டாள். அது கழுதையாகவே கத்தியிருந்தால்கூடக் கேட்டிருக்கலாம் என்றான் அவன். அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு நிமிடத்துக்கு ஒரு காணொளி தயார் செய்தான். கழுதையின் வசனங்களை வெட்டி ஒட்டி நடுநடுவே எழுத்துப் போட்டான். 'லிஃப்டில் கதவுகள் மூடுகின்றன என்று சொல்கிற அம்மாவைக் கூட்டிவந்து மூட்டைக்குப் பேசவிட்டிருக்கிறார்கள்' என்பது முதல் வரி. அதன் பிறகு கழுதை ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் லிஃப்ட் கதவு ஒன்று வந்து அதன் மூக்கில் மூடியது.

அந்த லிஃப்ட் நகைச்சுவை அவனுடைய சொந்தச் சரக்கு இல்லை. அண்ணி குரல் கொடுக்கும் வேலை செய்பவள். இருமல் மருந்து விளம்பரம், மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுவது, அடுக்குமாடி லிஃப்ட், இப்படி. குட்டி பள்ளிக்குக் கிளம்பாமல் வாசலில் அலைந்தால் அண்ணி அந்த லிஃப்ட் குரலிலேயே "கதவுகள் மூடுகின்றன" என்பாள். வீடே சிரிக்கும். அண்ணன் அவளை லிஃப்ட் அம்மா என்றுதான் கூப்பிடுவார். வீட்டுச் சிரிப்பை எடுத்து ஊருக்குக் கொடுக்கிறோம் என்று சின்னவனுக்கு அப்போது உறைக்கவில்லை. எழுதும்போது கை தானாக எழுதியது.

மூன்று நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். யார் யாரோ அதைப் பேசி நடித்து மறுபடி போட்டார்கள். கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் தோழிக்கு அதைக் காட்டிச் சிரித்தாள். சின்னவன் அவளுக்குச் சட்டம் சரிசெய்துகொண்டே உள்ளுக்குள் பூரித்துப்போனான்.

நான்காம் நாள் மதியம் கண்ணாடி ஒன்றை இயந்திரத்தில் ஏற்றிவிட்டு போனைப் பார்த்தான். 'பழைய தபால்' பக்கத்தில் வாசகர் ஒருவர் படத்தின் கடைசிப் பெயர்ப் பட்டியலைப் படம்பிடித்துப் போட்டிருந்தார். 'மூட்டையின் குரல்' என்பதற்கு நேரே அண்ணியின் பெயர். அதன் கீழே, ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த அவளுடைய புகைப்படம். குட்டி பிறந்த வருடம் அண்ணன் எடுத்த படம் அது. 'பிடிச்சாச்சு கழுதையை' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே முன்னூறு பேர் வாய்க்கு வந்ததைப் பேசியிருந்தார்கள்.

இயந்திரத்தில் கண்ணாடி விளிம்பு உடைந்த சத்தம்கூட அவனுக்குக் கேட்கவில்லை. முதலாளி வந்து நிறுத்தினார்.

அவன் அந்தப் பதிவை உடனே நீக்கினான். ஆனால் தன் காணொளியை நீக்கவில்லை. திடீரென்று எடுத்தால் இன்னும் கிளறுவார்கள், தானாக அடங்கிவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. ஒன்பது லட்சம் என்ற எண்ணை அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. உண்மை அதுதான். பிற்பாடு எல்லாவற்றையும் விட அவனைத் தின்றது அந்த ஏழு நாட்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றார் அண்ணன். அவள் கண் வீங்கியிருந்தது. படம் வெளியாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்களாம், அண்ணனுக்கே தெரியாதாம். சமையலறைக்குப் போய் அவளிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல் என்று அண்ணன் அவனை அனுப்பினார். அவன் போய், ஊர்வாயை மூட உலைமூடி ஏது அண்ணி, விடுங்க என்றான். அவள் தலையாட்டினாள். குட்டி வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் பிள்ளைகள் "கதவுகள் மூடுகின்றன" என்கிறார்களாம். குட்டி அதை அழாமல் சொன்னாள், சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாள். சின்னவன் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

பதினோராம் நாள் அண்ணி கடைக்கு வந்தாள். சாப்பாட்டு வேளை, முதலாளி வெளியே போயிருந்தார். முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். இருமல் மருந்துக் கம்பெனி புது விளம்பரத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டதாம், கொஞ்ச நாள் ஆறட்டும் என்றார்களாம். பிறகு தன் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பக்கத்த நடத்துறது யாருன்னு தெரியல. உனக்கு இந்தப் படம் பத்தி எழுதுற ஆளுங்கள எல்லாம் தெரியும்ல? இவருக்கு ஒரு கடிதம் எழுதணும்டா. எனக்கு எழுத வரல. நான் சொல்றேன், நீ எழுது."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் அதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், அவன் விரல் அவளுடைய போனில் எழுத ஆரம்பித்துவிட்டது.

'வணக்கம். மலைத்தபால் நான்காம் பாகத்தில் கழுதைக்குப் பேசியது நான்தான். படம் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் குரலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பேசச் சொன்னபடி பேசினேன். சம்பளம் வாங்கியிருக்கிறேன், அதனால் திட்டையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் மகளுக்கு ஒன்பது வயது. வகுப்பில் பிள்ளைகள் உங்கள் காணொளியைப் பேசிக் காட்டுகிறார்கள். அதை எடுத்துவிட முடியுமா?'

கெஞ்சுவது போல இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். தேர்ந்தெடுக்கவில்லை என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தினான். அவள் போனை வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு அனுப்பினாள்.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவன் அசையாமல் இருந்தான். யாரோ கூப்பிடுகிறார்களே என்றாள் அண்ணி. விளம்பரமாக இருக்கும் என்றான்.

அவள் தெரு திரும்பும்வரை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காணொளியை நீக்கினான். பக்கத்தின் பெயரில் நான்கு வரி பதில் எழுதினான். வருந்துகிறேன், அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று யோசிக்கவில்லை, மகளிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று. எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதியவன் யார் என்பது மட்டும் அதில் இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். குரலே மாறியிருந்தது. பார்த்தாயா, நல்ல மனுஷங்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், கேட்டதும் எடுத்துவிட்டார், நீ எழுதிக் கொடுத்த ராசி என்றாள். நகல்கள் இன்னும் அங்கங்கே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அவளுக்கு ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. அந்தப் பாரம் எங்கே வந்து ஏறியது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அத்தோடு முடிந்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான். ஆனால் அண்ணி அந்தப் பக்கத்துக்கு மறுபடியும் எழுதினாள். நன்றி சொல்ல எழுதினாள், பிறகு சும்மாவும் எழுதினாள். முகம் தெரியாதவரிடம் பேசுவது எளிது போலிருக்கிறது. பதிவுக்கூடத்தில் ஒரே வரியை நாற்பது தடவை பேசவைத்தார்கள் என்றாள். மூட்டை பேசக் கூடாது, பேசினால் அது மூட்டையே இல்லை என்று தானே இயக்குநரிடம் சொன்னதாகவும், அவர் கடிகாரத்தைப் பார்த்ததாகவும் எழுதினாள். சின்னவன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி பதில் போட்டான். போடாமல் இருந்தால் அவள் வருத்தப்படுவாள் என்று போட்டான். போட்டதும் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை இப்படி எழுதியிருந்தாள்: 'என் வீட்டுக்காரரின் தம்பிக்கு இந்தப் படம் என்றால் உயிர். சின்ன வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை. அவனுக்காகத்தான் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன். கடைசியில் என் பெயர் வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குள் எழுந்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை, படம் அப்படி. அவனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டான்.'

அதற்கு அவன் பதில் போடவில்லை.

மறுநாள் மதியம் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் மாடியில் ஏதோ பழைய குளிர்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். குட்டி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி கூடத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காருடா என்றாள். அவன் உட்காரவில்லை.

"அண்ணி, அந்தப் பக்கம் என்னோடது."

"எந்தப் பக்கம்?"

"பழைய தபால். வீடியோ போட்டது நான்தான். உங்க குரல்னு அப்ப தெரியாது."

அவள் கையில் இருந்த துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நாலாம் நாளு."

"நான் கடைக்கு வந்தது?"

அவள் தானே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு துண்டைக் கீழே வைத்தாள்.

"லிஃப்ட்னு பாத்தப்பவே ஒரு நிமிஷம் உன் நினைப்பு வந்துச்சு. சீ, என்ன புத்தி இதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

அவனுக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

"நீ சிரிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. படம் குப்பைதான். ஆனா நான் சொல்லச் சொல்ல உக்காந்து எழுதினியே, அத எப்படிடா செஞ்ச? எழுத்துப் பிழை வேற திருத்தின."

நேற்று எழுதியது வரை எல்லாவற்றையும் படித்தாயா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அப்போதுதான் அவள் முகம் மாறியது. யாரோ அவளை அறையில் இருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போல நின்றாள். என் பெயரிலேயே எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவன் சொல்ல ஆரம்பித்தான்.

"வேணாம். என் பேர மறுபடியும் சந்திக்கு இழுக்காத. நீ மன்னிப்புக் கேட்டா ஊரே உன்ன நல்லவன்னு சொல்லும். அந்தச் சுகமும் உனக்கு வேணுமா?" என்றாள். பிறகு மாடியைக் காட்டினாள். "உங்க அண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மாடிக்குப் போய்ச் சொன்னான். அண்ணன் திருப்புளியைக் கையில் வைத்தபடியே முழுக்கக் கேட்டார். அடிப்பார் என்று சின்னவன் எதிர்பார்த்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அவ அழுதப்ப ஆறுதல் சொல்ல உன்னத்தானேடா உள்ள அனுப்பினேன்" என்றார் அண்ணன். குனிந்து மோட்டாரின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். சின்னவன் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கி வந்தான்.

அன்றே பக்கத்தை மூடினான். நாற்பதாயிரம் பேரும் ஒரு நாள் முணுமுணுத்துவிட்டு வேறு பக்கத்துக்குப் போனார்கள். அவனை யாரும் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டான். உப்பு கூடும், இல்லாவிட்டால் குறையும். படத்தைக் கெடுத்தவர்கள் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தான், ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. எய்தவன் எங்கோ இருந்தான். அம்பைப் பிடித்து ஒடித்துப் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வான்.

நான்கு மாதம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். குட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போனான். அண்ணிக்கு வேலை திரும்பியிருந்தது. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகம் படித்துப் பதிவு செய்யும் வேலை, வரலாறு முடித்துவிட்டு அறிவியல் தொடங்கியிருந்தாள். குட்டிக்கும் பள்ளியில் தொல்லை ஓய்ந்திருந்தது. பிள்ளைகளுக்குச் சிரிக்க வேறொன்று கிடைத்துவிட்டது. இதையெல்லாம் அண்ணன்தான் சொன்னார். நால்வரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்ணி முதலில் அவனுக்குத்தான் பரிமாறினாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேணுமா, கேளுங்க என்றாள். வேலையெல்லாம் எப்படிப் போகிறது உங்களுக்கு என்றாள். இருபது வருடத்தில் முதல்முறையாக அவன் அந்த வீட்டில் விருந்தாளி ஆகியிருந்தான்.

குட்டி சாப்பாட்டை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்மா சித்தப்பாவப் போய் நீங்க வாங்கங்கிற?"

"பெரியவராயிட்டாருல்ல" என்றாள் அண்ணி. குரலில் குத்தல் எதுவும் இல்லை.

அண்ணன் தலை நிமிரவில்லை. சின்னவன் போட்டதையெல்லாம் சாப்பிட்டான், தன் தட்டைத் தானே கழுவி வைத்தான், குட்டிக்குக் கணக்கு இரண்டு சொல்லிக்கொடுத்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, வருகிறேன் அண்ணி என்றான். சரிங்க என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனான்.